அண்ணியின் பதினாறு வீதம்

அந்த இயந்திரத்தை வெல்பெயார் மிஸ் ஒரு மஞ்சள் துவாயில் சுற்றிக் கொண்டுவருவார். பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் பிடித்து வந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் சிமெந்துத் தரையில் மெதுவாக வைத்து, துவாயை விரிப்பார். உள்ளே ஒரு கண்ணாடிப் பலகை. இடமும் வலமும் பாதம் வைக்க வெள்ளி நிறத் தகடுகள். வெறுங்காலோடு ஏறி நின்றால் முதலில் எடை காட்டும். பிறகு எண்கள் கொஞ்ச நேரம் ஓடித் திரிந்து, உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று ஒரு எண்ணில் வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மின்சாரம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கி அதைக் கண்டுபிடிக்கிறது என்று மிஸ் சிங்களத்தில் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது வரிசையில் நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள். என் நாத்தனார் மட்டும் முன்னால் வந்தார். “கரண்டு பில்லு நம்ம பேருல வருமான்னு கேளு டீச்சர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வயிறு எரிகிறது.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள் அல்ல. ரம்புக்கனைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி, ஏ.எல். வரை படித்து, றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மருமகளாக வந்தவள். வந்த வருஷமே பிள்ளைக் காம்பராவில் டீச்சர் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடம் அது. என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; எப்போதும் ‘டீச்சர்’தான். அதில் மரியாதை பாதி, கேலி பாதி. தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் அவருடைய காம்பராவும் எங்களுடையதும் அடுத்தடுத்து. அவருடைய வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நின்றார், மாதம் ஒருதரம் வருவார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மழைக்காலத்தில் எனக்கு முதல் பிள்ளையாக மகள் பிறந்தாள். சில நாள் வித்தியாசத்தில் அண்ணிக்கு மூன்றாவதாக ஒரு மகன். என் பிள்ளை தும்மினால் நான் பயப்படுவேன், தும்மாவிட்டாலும் பயப்படுவேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வரும்: “டீச்சர், புள்ள மூச்சு விடுதான்னு பாத்தது போதும். நீ கொஞ்சம் மூச்சு விடு.”

தொழிலாளர் நலனைக் கவனிக்கிற மிஸ் இரத்தினபுரி டவுனிலிருந்து வருவார். தோட்டத்தை நடத்திய கம்பெனியின் கொழும்புக் கந்தோரில் யாரோ ஒருவருக்கு அந்த யோசனை வந்திருந்தது. தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளரின் ஆரோக்கியத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். பெண் தொழிலாளரின் உடல்தகுதியை மாதாமாதம் அளந்து முன்னேற்றத்தைக் காட்டுவது என்று முடிவானது. உடம்பில் கொழுப்பின் வீதம் குறைந்தால் முன்னேற்றம், கூடினால் பின்னேற்றம். இதற்கு மேல் அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. நன்றாக முன்னேறுகிறவருக்கு வருஷக் கடைசியில் ஒரு ரைஸ் குக்கர். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் மொழிபெயர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. மிஸ் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்காமல் ஒருநாளும் வந்ததில்லை. என்னை நங்கி என்று தங்கைமுறை சொல்லித்தான் கூப்பிட்டார். கலியாணத்துக்குப் பிறகு தனக்கு உடம்பு போட்டுவிட்டதென்று கவலைப்பட்டு, இந்த மாதிரி ஓர் இயந்திரத்தில் தினம் ஏறி இறங்கித்தான் இளைத்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார். தனக்கு நன்மை செய்த ஒன்றை எங்களுக்கும் கொண்டுவந்தார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். அப்படி இல்லாததால் அது இன்னும் எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்து மலைகளில் வருஷத்தில் பாதி நாள் ஈரம். புல்லுக்குப் புல் அட்டை. மலையேறும் முன் பெண்கள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சவர்க்காரத்தைத் தண்ணீர் படாமல் தேய்த்துக்கொள்வார்கள். அட்டை ஏறினால் வழுக்கும், கடித்தாலும் சீக்கிரம் விடும். அந்தச் சவர்க்காரக் காலோடுதான் அவர்கள் மிஸ்ஸின் கண்ணாடிப் பலகையில் ஏறினார்கள். இயந்திரம் குழம்பிப் போகும். எண்ணுக்குப் பதிலாகக் கோடுகளைக் காட்டும். வெடித்துத் தடித்த பாதங்கள் வைத்தாலும் அப்படித்தான், ஆள் நிற்பதையே அது ஒத்துக்கொள்ளாது. மிஸ் ஒரு ஈரத்துணியைக் கொடுத்து, காலைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறச் சொல்வார். துணியில் சவர்க்காரமும் மண்ணும் சில நேரம் அட்டை கடித்த இரத்தமும் ஒட்டும். நான் ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் நானே ஏறிப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன், காலைக் கழுவிவிட்டு ஏறினேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண். மிஸ்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “அது சின்ன வித்தியாசம் நங்கி, மாதக் கணக்கில் பார்த்தால் சரியாக இருக்கும்” என்றார். படித்தவர் சொல்கிறார், நான் ஏ.எல். மட்டும்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பெண்களுக்கு அந்த எண் வேறு விதமாகப் புரிந்தது. ரப்பர் தோட்டத்துக்காரியான எனக்கு அது விளங்கக் கொஞ்ச நாள் பிடித்தது. கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டுகிற கிலோ முழுவதும் பறித்தவள் கணக்கில் ஏறாது. சாக்குக்கு இவ்வளவு, இலையில் இருக்கும் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். மழை நாளில் கழிவு கூடும். முதுகு ஒடியச் சுமந்து வந்ததில் ஒரு பங்கைக் கண்ணெதிரே தள்ளிவிடுகிற அந்தக் கழிவைப்போல அவர்கள் வெறுத்தது வேறொன்றும் இல்லை. இப்போது மிஸ் ஒரு தராசைக் கொண்டுவந்து, அதில் ஆளை ஏற்றி, எடை சொல்லி, உடனே அதில் நூற்றுக்கு இவ்வளவு கொழுப்பு, இது குறைய வேண்டும் என்கிறார். அவர்கள் வேறெப்படி விளங்கிக்கொள்வார்கள்? “எனக்கு இருவத்தஞ்சு கழிவாம்டி.” “எனக்கு முப்பது. நான் என்ன நனஞ்ச கொழுந்தா?” என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் பலதரம் திருத்தினேன். கொழுப்பும் உடம்புக்கு வேண்டியதுதான், பால் கொடுக்கிறவளுக்குக் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், தராசுக்காரனுக்குப் பரிந்து பேசுகிறவளைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு இருந்தது. “நீ சும்மா இரு டீச்சர். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கலியாணம் கட்டுன நாள்ல இருந்து எங்க வீட்டுக்காரரு சொல்லிக்கிட்டுதான் இருக்காரு. இந்தத் தடவ கொறச்சுக் காட்டுறேன்.”

குறைத்துக் காட்டினார். முதல் மாதம் அவருக்கு இருபத்திநாலு. கொழுந்து பறிப்பதில் எப்படி யாரும் அவரைப் பின்னால் தள்ள முடியாதோ அப்படியே இதிலும் தள்ள முடியக் கூடாது என்று நின்றார். மிஸ் எல்லோருக்கும் பொதுவாக ஒரு புத்தி சொல்லியிருந்தார்: இராச்சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், தேங்காயைக் குறையுங்கள், தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். அதைத் தமிழில் சொல்லும்போது என் நாக்கு கூசியது. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சீனி போட்ட தேத்தண்ணியும் இரவில் ஒரு பிடி சோறும். இவற்றைக் குறைத்தால் மிச்சம் என்ன இருக்கிறது? டவுனில் காரில் போய் வருகிறவர்களுக்கான புத்தியை, செங்குத்தான மலையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குச் சொன்னார்கள். நான் சொன்னேன். மொழிபெயர்ப்பதுதான் என் வேலை. அண்ணி இராச்சோற்றை விட்டார். தன் பங்கை மூத்த பிள்ளைகள் இரண்டின் தட்டிலும் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெறும் சாயத் தேத்தண்ணி குடித்தார். நான் ஒரு கிண்ணத்தில் பருப்புக் கறி கொண்டுபோனால், “மிஸ்ஸே வேணாம்னுட்டாங்க, நீ என்னத்துக்குக் கட்டாயப்படுத்துற?” என்பார். மறுமாதம் இருபத்திரண்டு. அதற்கடுத்து இருபது. பிள்ளைக் காம்பராவின் சுவரில் மிஸ் ஒட்டியிருந்த பெரிய தாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் கோடு. அண்ணியின் சிவப்புக் கோடு படி இறங்குவதுபோல அழகாக இறங்கியது. “ஹரிம ஹொந்தய்!” என்று மிஸ் கைதட்டுவார். ரொம்ப நல்லது என்று அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

அந்தக் கோடு இறங்கிய அதே வேகத்தில் அண்ணியின் கழுத்தெலும்பு வெளியே வந்தது. ரவிக்கைக் கை தொங்கத் தொடங்கியது. இரண்டு பிள்ளைகளும் என் பொறுப்பில் இருந்ததால் எனக்கு அது வேறொரு விதத்திலும் தெரிந்தது. ஒரே வயதுப் பிள்ளைகள். பால் குடித்த பிறகு என் மகள் தூங்கிவிடுவாள், அண்ணியின் மகன் அரை மணி நேரத்தில் கையைச் சப்பிக்கொண்டு அழுவான். நான் அதிகமாக யோசிக்கிறேனோ என்றும் நினைத்தேன். ஆண்பிள்ளை, பசி கூடத்தான் இருக்கும் என்று மற்றத் தாய்மார் சொன்னார்கள். என் பிள்ளையோடு ஒப்பிட்டு நானே மனதில் பெருமைப்படுகிறேனோ என்றுகூட என்னை நான் சந்தேகப்பட்டேன். கேட்டுத் தெளிவதற்கு எங்கள் தோட்டத்தில் அப்போது மிட்வைஃபும் இல்லை. பழையவர் மாற்றலாகிப் போய், அந்த இடம் காலியாகவே கிடந்தது. மிட்வைஃப் இல்லாத தோட்டத்துக்குக் கொழுப்பை அளக்கும் இயந்திரம் வந்திருக்கிறது என்பது அன்று எனக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை. இன்று அதை நினைத்தால் கையில் இருப்பதை வீசி எறியலாம்போல இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில்தான் வேலை. காலை பத்து மணிபோல ஒருதரமும் மத்தியானத்துக்குப் பிறகு ஒருதரமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழுவதற்கு மற்றவர்கள் பறிக்கிற அளவு கொழுந்தும் அவர்கள் பறிக்க வேண்டியதில்லை. இது யார் போட்ட சட்டம் என்று எனக்குத் தெரியாது. தொரைமார் எத்தனையோ பேர் வந்து போனார்கள், இந்த வழக்கத்தை யாரும் தொடவில்லை. மழை விட்டு வெயில் அடித்து, கொழுந்து ஒரேயடியாகக் கிளம்பிய ஒரு மாதத்தில் மேல் மலைகளுக்கு ஆள் போதவில்லை. அந்த நேரம் பார்த்து உதவி மனேஜரான சின்ன தொரை பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். இளம் பிள்ளை, புதிதாக வந்தவர். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். “இந்தச் சிவப்புக் கோடு யாருடையது?” என்று சிங்களத்தில் கேட்டார். மிஸ் சந்தோஷமாகச் சொன்னார். பதினெட்டு வீதம், ஓட்டப் போட்டிக்காரிகளுக்கு இருக்கிற மாதிரி உடம்பு, தோட்டத்திலேயே இவர்தான் நல்ல உடல்தகுதி உள்ளவர் என்று சொன்னார். சின்ன தொரை தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் பேர் கூப்பிடும்போது அண்ணியை மேல் மலைக்குப் போட்டிருந்தது. பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம்.

மேல் மலைக்கு ஏறிப் போகவே நேரமாகும். பத்து மணிக்கு இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். முதல் இரண்டு நாள் அண்ணி அப்படியும் இறங்கி ஓடிவந்தார். கங்காணி ஏசினார். “உடம்பு நல்லா ஸ்ட்ராங்னு சர்ட்டிபிகேட்டு குடுத்திருக்காங்க, நீ என்னடான்னா பாதி நாளு ரோட்டுலயே நிக்கிற” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். மூன்றாம் நாள் அண்ணி வரவில்லை. பத்து மணிக்குப் பிள்ளை வாசலைப் பார்த்துத் திரும்பியது. அந்த நேரம் அவனுக்குப் பழகியிருந்தது. போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்தேன், துப்பினான். முகம் சிவந்து, குரல் கம்மி, வெறும் மூச்சாக அழுதான். அடுத்த தொட்டிலில் என் மகள் பால் குடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு, அவனை மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். மூச்சுவிடாமல் குடித்தான். இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகை வந்தது. அது பாசத்தில் வந்தது என்று சொன்னால் பொய். ஆத்திரம். பின்னேரம் அண்ணி வந்து பிள்ளையைத் தூக்கியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வயிறு நிறைந்த பிள்ளையின் பாரம் தாய்க்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “நல்லதாப் போச்சு டீச்சர்” என்றார், வழக்கமான கேலி இல்லாமல். அதற்குப் பிறகு அது தினப்படியானது. அண்ணிக்கு மார் கட்டி, நாலைந்து நாள் காய்ச்சலோடு மலைக்குப் போனார். பிறகு கட்டு இளகியது. பால் குறைந்தது. ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டது. அந்த மாதம் இயந்திரம் அவருக்குப் பதினாறு காட்டியது. மிஸ் அவரைக் கட்டிப் பிடித்தார்.

அன்றைக்கு நான் மிஸ்ஸிடம் பேசினேன். எல்லோரும் போகும்வரை காத்திருந்து, இயந்திரத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தவரிடம், அண்ணிக்குப் பால் வற்றிவிட்டது மிஸ், இராச்சோறு சாப்பிடுவதில்லை, அவரை மறுபடி பக்கத்து மலைக்குப் போடச் சொல்லுங்கள் என்றேன். மிஸ்ஸின் முகம் நிஜமாகவே வாடியது. “அனே, பாவம்” என்றார். எட்டு ஒன்பது மாதத்தில் சிலருக்கு அப்படித்தான் நின்றுவிடும், போத்தல் பால் பழக்கலாம், கவலைப்படாதே என்றார். வேலை போடுவது தன் கையில் இல்லை என்றார். கடைசியில், “ஆனால் நங்கி, அவருடைய எண்ணைப் பார், ஓட்டப் போட்டிக்காரி மாதிரி” என்றார். ஓட்டப் போட்டிக்காரி ஓடி முடித்துவிட்டுச் சாப்பிடுவாள் மிஸ், அவளை யாரும் மறுபடி மலையில் ஏற்றமாட்டார்கள், அவள் பிள்ளை வாசலைப் பார்த்து அழாது. இதெல்லாம் எனக்கு உடனே வரவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளைத் துணி அலசும்போது வந்தது. துணியிடம் சொன்னேன். என் கணவர் கேட்டுவிட்டு, “வேலய விட்டுறாத, பாத்துப் பேசு” என்றார். நான் பார்த்துப் பேசுகிறவளாகத்தான் வளர்க்கப்பட்டிருந்தேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வந்த நாள் பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளை அடித்து, வாசலில் தென்னோலைத் தோரணம் கட்டியிருந்தது. பெரிய தொரை, சின்ன தொரை, கொழும்புக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா, மிஸ், வந்தவர்கள் மூன்று பேர். அண்ணி கலியாணச் சேலை கட்டி வந்திருந்தார். ஊசி குத்தி இறுக்கியும் ரவிக்கை அவர் மேல் நிற்கவில்லை. எல்லோர் முன்னாலும் பலகையில் ஏறச் சொன்னார்கள். ஏறினார். பதினாறு. கை தட்டினார்கள். ரைஸ் குக்கர் பெட்டியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். லயத்து வயரிங் அதைத் தாங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிறகு வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவரும் ஒரு தாயாக இருக்க வேண்டும், தொட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கேள்வி கேட்டார். இந்த முன்னேற்றத்தால் உங்கள் உடம்பில் என்ன மாற்றத்தை உணர்கிறீர்கள்? கொழும்பு ஐயா சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் கேட்டேன். அண்ணி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“மேல் மலைக்கு ஏறுறப்ப நெஞ்சு படபடன்னு அடிக்குது. இறங்குறப்ப முட்டி நடுங்குது. புள்ளைக்குப் பாலு நின்னு போச்சு. மத்தபடி நல்லாயிருக்கேன்னு சொல்லு டீச்சர்.”

அவர் குறை சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பார்த்துப் பேசு என்று கணவர் சொன்னதும், என் வேலையும், மாதக் கடைசியும் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்த அத்தனை நாளும் அதோடு நினைவுக்கு வந்தது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். நெஞ்சடிப்பு, முட்டி, பால், மற்றபடி நன்றாக இருப்பது, எல்லாவற்றையும் அதே வரிசையில். கொழும்பு ஐயா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வந்தவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மிகச் சிறிய ஒரு வாக்கியம் சொன்னார். ஏ.எல். வரை படித்தவளுக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும். ‘தான் மிகவும் சந்தோஷமாக இருப்பதாக இவர் சொல்கிறார்’ என்பதுதான் அது. மறுபடி கை தட்டினார்கள். தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் தட்டினார். அண்ணியும் சிரித்தார், கை தட்டினால் சிரிக்காமல் என்ன செய்வது? நான் ஆங்கிலத்தில் ஒரு வசனத்தை மனதில் அடுக்கத் தொடங்கினேன். வினைச்சொல் சரியா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். அதற்குள் அவர்கள் தேத்தண்ணி குடிக்க பங்களாவுக்குப் போய்விட்டார்கள்.

ஆனால் பெரிய தொரைக்குச் சிங்களம் தாய்மொழி. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிடும்போது அண்ணி பக்கத்து மலையில் இருந்தார். பத்து மணிக்குக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். வாசலிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, “குடு டீச்சர், வருதான்னு பாப்போம்” என்று உட்கார்ந்தார். அப்போது பிள்ளை என் இடுப்பில் இருந்தான். மடியில் போட்டதும் வாய் வைத்தான். இரண்டுதரம் சப்பினான். விட்டுவிட்டு, தலையைத் திருப்பி என்னைத் தேடினான். அண்ணி அவன் முகத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். முதுகை வளைத்துக் கத்தினான். நான் வேறு பக்கம் போய் நின்றேன், என்னைக் கண்டால்தானே அழுகிறான் என்று. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அண்ணி ரவிக்கையைப் பூட்டிக்கொண்டிருந்தார். “பாரு இவன, மாமன் பொண்டாட்டிதான் வேணுமாம்” என்று சிரித்தார். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். மலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேறு எதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. திட்டம் அந்த வருஷத்தோடு நின்றுபோனது. மிஸ் மாற்றலாகிப் போனார். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன், எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. இயந்திரம் துவாயோடு பிள்ளைக் காம்பரா அலுமாரியில் கிடக்கிறது. அண்ணியின் மகன் ஓடுகிறான், என் மகளைத் தள்ளிவிடுகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான். பிள்ளை நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதற்கு அதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். யாரும் சாகவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கோபப்படுவதற்கு எனக்கு என்ன உரிமை, பால் வற்றியது என் உடம்பிலா? அண்ணியே கோபப்படவில்லை. அவருக்கு அது இன்றைக்கும் பெருமை. தோட்டத்துப் பொம்பளைகளில் யாரும் தொட முடியாத எண் தன்னுடையது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறார். அந்தப் பெருமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பசியைக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு பரிசும் கொடுத்து, ஒரு மனுஷி அதைச் சாகும்வரை மெச்சிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.

அண்ணி இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறார். ஐந்து மாதம். போன வாரம் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து, அலுமாரியைக் கண்ணால் காட்டி, “அத எடு டீச்சர், இப்ப எத்தன காட்டுதுன்னு பாப்போம்” என்றார். முடியாது என்றேன். அவர் திகைத்துப் போனார். கலியாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு முடியாது என்று சொன்னதில்லை. அன்று காலையிலேயே நான் தோட்டத்துக் கந்தோருக்குப் போயிருந்தேன். அதே சின்ன தொரை, இப்போது கொஞ்சம் தொந்தி வைத்திருக்கிறார். பிள்ளை பிறந்ததும் அண்ணிக்குப் பக்கத்து மலை, ஒரு வயது முடியும்வரை, இப்போதே சொல்லிவையுங்கள் என்று கேட்டேன். இன்னும் பிறக்கவே இல்லையே, அப்போது உடல்நிலையைப் பார்த்துச் செய்வோம் என்றார். எதைக் கொண்டு பார்ப்பீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பக்கத்து மேசைக் கிளாக்கர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சின்ன தொரை சரி என்றார். அது வாக்கா, என்னை அனுப்புவதற்குச் சொன்னதா, தெரியவில்லை. பிறக்கும் நாள்வரை மாதாமாதம் போய்க் கேட்பேன்.

இதை அண்ணியிடம் சொன்னேன். “அதுக்குள்ளயா? இன்னும் நாலு மாசம் இருக்கு. எதுக்கு இப்பவே போயிச் சண்ட புடிக்கிற, உனக்கென்ன பைத்தியமா டீச்சர்?” என்றார். பிள்ளைகளுக்கு ஆக்கிய பயற்றங்கஞ்சி பானையில் மிச்சம் இருந்தது. தேங்காய்ப்பால் விட்டது. ஒரு கோப்பை நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்று கையைத் தூக்கியவர் என் முகத்தைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார். நான் எதிரிலேயே நின்றேன். கோபக்காரர் வீட்டில் விருந்துக்கு வந்தவரைப்போல, கோப்பை காலியாகும்வரை குடித்தார்.